புள்ளி ஒன்றுதானே!

"புள்ளி ஒன்றுதானே! போனால் போகிறது!" என்கிறார் ஒருவர். "புள்ளி ஒன்று தவறிவிட்டதே! இனி எந்த முகத்தோடு இக்கதையை அனுப்புவேன்!" என்று கலங்குகிறார் மற்றொருவர்.

கதை எழுதி முடித்தாயிற்று. அனுப்பவேண்டிய கடைசி மாலையும் வந்துவிட்டது. உறையின்மேல் முகவரி எழுதியாயிற்று. அல்லது, இந்நாளைய வழக்கப்படி, மின்னஞ்சலில் கோப்பை இணைத்தாயிற்று. ஒருமுறை பார்ப்போமே என்று புரட்டிய கண்ணுக்கு, மூன்றாம் பக்கத்தில் லகரம் நிற்கவேண்டிய இடத்தில் ளகரம் நின்று பல்லிளிக்கிறது. என் செய்வது? திருத்துவதா, விடுவதா? திருத்தினால் எதுவரை திருத்துவது?

இது ஒரு பெரிய அறக்கேள்வியா என்று நகைப்பார் உண்டு. நாட்டில் எரியும் சிக்கல்கள் எத்தனையோ இருக்க, ஒற்றும் புள்ளியுமா பேசுபொருள் என்பர். அவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். பிறர் கையில் ஒப்படைக்கும் பொருளை எந்த நிலையில் ஒப்படைக்க வேண்டும் என்பது அறத்தைச் சேர்ந்த கேள்வி இல்லையென்றால், வேறு எதைச் சேர்ந்தது? கடைக்காரர் எடையில் குறைத்தால் சினக்கிறோமே, எழுத்தில் குறைத்தவரை மட்டும் ஏன் தட்டிக்கொடுக்கிறோம்?

"அறம்" என எழுத எண்ணியவர் கை தவறி "அரம்" என எழுதிவிடுகிறார். உயிரினும் மேலாகப் போற்றவேண்டியது, கொல்லன் பட்டறையில் இரும்பைத் தேய்க்கும் கருவியாகிவிடுகிறது! பள்ளி பல்லியாகிறது. ஊரை அழித்த வெள்ளம் வெல்லமாகி இனிக்கிறது! யானைக் கொம்பால் செய்த "தந்தப் பலகை", ஓர் ஒற்றுப் போன மாத்திரத்தில், எவரோ கொடுத்துவிட்டுப் போன "தந்த பலகை" ஆகிவிடுகிறது. சொல் உருக்குலைந்து கிடந்தால் படிப்பவர் பிழையென்று கண்டுகொள்வார். தமிழிலோ பல இடங்களில் தவறிய சொல்லும் ஒரு நல்ல சொல்லாகவே நிமிர்ந்து நிற்கிறது. ஆகவேதான், சொற்பிழை பார்க்க "வாணி", ஒற்றுப்பிழை பார்க்க "நாவி" என்று கணினியில் பயன்மிக்க கருவிகள் வந்துவிட்ட பின்னரும், மனிதக் கண்ணுக்கு வேலை குறையவில்லை. பொறிக்கு எழுத்துத் தெரியும்; எழுதியவர் எண்ணியது அரமா அறமா என்பது தெரியாது.

1631-ஆம் ஆண்டு இலண்டனில் அச்சான விவிலியத்தைப் பற்றிப் பலரும் அறிந்திருக்கலாம். பத்துக் கட்டளைகளில் ஒன்று, விபசாரம் செய்யாதே என்பது. அதில் "அல்ல" எனும் பொருள் தரும் ஒரு சிறு சொல் விடுபட்டுப்போக, விபசாரம் செய்வாயாக என்று கட்டளை பிறந்துவிட்டது! இறைவன் அருளிய நூல் என்றாலும் மெய்ப்புப் பார்க்க மனிதன்தான் வேண்டியிருந்தது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அச்சிட்ட ராபர்ட் பார்க்கருக்கும் மார்ட்டின் லூகாசுக்கும் 300 பவுன் தண்டம்; அச்சிடும் உரிமமும் பறிபோயிற்று. பிழை வந்தால் அச்சகத்தான்மேல் பாய்வது அன்றே தொடங்கிவிட்ட பழக்கம்.

நம் நாட்டிலும் வேறென்ன நடந்தது? "அச்சுப்பேய் செய்த வேலை" என்று எழுத்தாளர் எத்தனை பேர் கைகழுவியிருக்கிறார்கள்! ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பவர் செய்த வேலையை எண்ணிப் பாருங்கள். ஒவ்வோர் எழுத்தும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி இருக்கும். அதைப் பெட்டியின் அறையறையாகத் தேடி எடுத்து அடுக்க வேண்டும். அச்சிட்டு முடிந்தபின் அவ்வளவு எழுத்துகளையும் பிரித்து அதனதன் அறையில் மீண்டும் போட வேண்டும். ளகரம் ஒன்று லகரத்தின் அறையில் விழுந்துவிட்டால், அடுத்த நூலில் அது பிழையாய் முளைக்கும். பெரியார் 1935-இல் "குடிஅரசு" ஏட்டில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கியதும், 1978-இல் தமிழ்நாடு அரசு அதனை ஏற்றுக்கொண்டதும், இந்தப் பெட்டியின் சுமையையும் குறைத்தன. ணா, லை, னை போன்றவற்றுக்கு இருந்த தனி வடிவங்கள் 13 ஒழிந்தன. அருகிலுள்ள சிவகாசியில் இன்று கணினியும் பெரிய அச்சுப் பொறிகளும் இயங்குகின்றன. ஈய எழுத்துகளைத் தேடித்தான் பார்க்கவேண்டும். ஆனால் பழக்கம் மட்டும் மாறவில்லை. புகழ் வந்தால் எழுதியவருக்கு. பிழை வந்தால் கூலிக்கு உழைத்தவருக்கு! கதையாசிரியரே தட்டச்சு செய்து அனுப்பும் இக்காலத்தில் அந்தச் சாக்கும் போய்விட்டது. நல்லதே!

இனி, நம் நெஞ்சை உறுத்தும் செய்திக்கு வருவோம்.

இராசபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் நம் வகுப்பில் படிக்கிறார்கள். நூற்பாலைத் தொழிலாளியின் மகள் ஒருத்தி, பதினோராம் வகுப்பு மாணவி, மாணவர் கதைப் போட்டி ஒன்றுக்குக் கதை எழுதினாள். இரவுப் பணி முடிந்து விடியலில் வீடு திரும்பும் தாயைப் பற்றிய கதை. நன்றாகவே எழுதியிருந்தாள். அனுப்பவேண்டிய நாள் மாலை, ஏழு பிழைகள் கண்ணில் பட்டன. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள், அனுப்பவில்லை என்றாள். ஏன் என்று கேட்டோம். தலை குனிந்து சொன்னாள்: "தப்பு இருந்தா, படிக்காத வீட்டுப் பிள்ளைன்னு தெரிஞ்சிடும் சார்."

பிழைக்கு அஞ்சியன்று, பிறப்புக்கு அஞ்சி அந்தக் கதை பைக்குள் போயிற்று! ஏடு தொடாதே என்று சில தலைமுறைகளுக்கு முன்வரை விலக்கி வைக்கப்பட்டிருந்த வீடுகளிலிருந்து இன்று பிள்ளைகள் எழுத வருகிறார்கள். வந்தவர்களை வாயிலில் நிறுத்தி, "உன் ஒற்று எங்கே? உன் றகரம் எங்கே?" என்று கேட்கும் காவலர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். பெயர்பெற்ற எழுத்தாளர் படியில் தவறு இருந்தால் அதன் பெயர் அச்சுப்பிழை. ஆலைத் தொழிலாளியின் மகள் எழுதியதில் இருந்தால் அதன் பெயர் அறியாமை! ஒரே ளகரத்துக்கு இரண்டு நீதியா? படித்த வீட்டுப் பிள்ளைக்கு அண்ணன் படித்துப் பார்ப்பான், அத்தை திருத்திக் கொடுப்பாள். அவன் படியின் தூய்மை அவன் ஒருவனுடைய திறமையன்று. நாலு பேர் உழைப்பு. இவளுக்கு அந்த நாலு பேர் எங்கே?

அப்படியானால் பிழை இருந்துவிட்டுப் போகட்டும், கருத்துத்தானே முக்கியம் என்று சில நண்பர்கள் பரிவோடு சொல்கிறார்கள். அந்தப் பரிவை நாம் ஏற்பதற்கில்லை. "உன்னிடம் இவ்வளவுதான் எதிர்பார்த்தோம்" என்று சொல்வதும் ஒருவகை இழிவுதான். அந்தப் பெண்ணின் தாய் ஆலையில் என்ன செய்கிறாள்? ஓடும் கதிரில் இழை அறுந்தால் ஓடிச்சென்று ஒட்டுகிறாள். நம் இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிகள் நெய்யும் துணி, மருத்துவமனைகளில் புண்ணுக்குக் கட்டாகப் போகிறது. அங்கே இழை விட்டுப்போனால் நெய்தவர் எந்தக் குலம் என்று எவரும் கேட்கமாட்டார்; ஆனால் புண்பட்டவருக்குத் துன்பம். அறுந்த இழையை ஒட்டுவது தன் மானத்தைக் காக்க அன்று. எவரோ முகம் தெரியாத ஒருவர் அதைக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்பதற்காக. கதையின் பிழையையும் அந்த எண்ணத்தோடு திருத்தச் சொல்கிறோம். நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று அஞ்சுபவர் ஒன்று கதையைப் பூட்டி வைப்பார், அல்லது பிழையை மறைப்பார். படிப்பவர் எங்கே இடறி விழுவார் என்று பார்ப்பவரோ, அந்த இடத்துக் கல்லை மட்டும் எடுத்துவிட்டு வழிவிடுவார்.

ஏழு பிழைகளையும் அவளோடு அமர்ந்து பார்த்தோம். நான்கு, பொருளையே கெடுப்பவை. மூன்று, ஒற்று மிகுந்தும் குறைந்தும் வந்தவை. ஏழையும் ஒற்றைக் கோட்டால் அடித்து மேலே எழுதினாள். கால் மணி நேரம் ஆயிற்று. அன்றைய அஞ்சலிலேயே கதை போயிற்று. பரிசு கிடைத்ததா என்பது இங்கே பேச்சன்று.

திருத்தத்துக்கும் எல்லை உண்டா? உண்டு. அதை இந்த மண்ணிலேயே காணலாம்.

திருவில்லிபுத்தூர் என்றதும் பெரியாழ்வாரும் ஆண்டாளும் நினைவுக்கு வருவர். பக்தியைப் பற்றிப் பேச நாம் வரவில்லை. ஏட்டைப் பற்றிப் பேசுகிறோம். பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை எழுதிய உரையில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. இறுதிப் பகுதி மட்டும் எஞ்சியது. பின்னர் வந்த மணவாள மாமுனிகள் (1370–1443) அழிந்துபோன பகுதிக்கு உரை எழுதினார். பழைய உரை எஞ்சி நின்ற இடம் வந்ததும் எழுதுகோலை நிறுத்திக்கொண்டார்! மேலும் எழுத அவருக்குப் புலமை இல்லாமலா போயிற்று? கிழிந்த இடத்துக்கு மட்டுமே தையல் என்ற கட்டுப்பாடு அது.

ஓலையில் எழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. ஆணி ஓலையைக் கிழித்துவிடும் என்ற அச்சம். காலும் ரகரமும் ஒரே வடிவில் நிற்கும். வீரமாமுனிவர் (1680–1747) செய்த சீர்திருத்தத்துக்கு முன் குறிலும் நெடிலும் எகரத்தில் வேறுபடா. எரியும் ஏரியும், நெருப்பும் நீரும், ஏட்டில் ஒன்றுபோலவே தோன்றும்! இந்தக் காட்டுக்குள் நுழைந்தவர் உ. வே. சாமிநாதையர். 1894-இல் அவர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268 ஆகிய இரு பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்திருந்தன. தமிழில் தோய்ந்த அவர் நினைத்திருந்தால் நாலு அடி புனைந்து நிரப்பியிருக்க மாட்டாரா? செய்யவில்லை. இல்லாததை இல்லை என்றே காட்டினார். ஏட்டுக்கு ஏடு பாடம் வேறுபட்ட இடங்களைக் குறித்துக் கொடுத்தார். அவருடைய சமயக் கருத்துகளோடு நமக்கு எந்த உடன்பாடும் வேண்டியதில்லை. அந்த நேர்மைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பிறர் நூலில் அவர்கள் காத்த எல்லையை நம் கதையில் நாம் காக்க வேண்டாமா? கடைசி மணி நேரத்தில் எழுத்தாளரைப் பிடிக்கும் ஆசை பிழை திருத்தும் ஆசையன்று. முடிவை மாற்றலாமா, முதல் பத்தியை அழகுபடுத்தலாமா, தலைவியின் பெயர் பழையதாய் இருக்கிறதே, புதிதாய் வைக்கலாமா என்ற ஆசை! அந்த வேளையில் எழுதும் வரியை எழுதியவரே இரண்டாம் முறை படித்திருக்க மாட்டார். ஒரு பிழையைக் களையப் போய் மூன்று பிழைகளை நட்டுவிட்டு வருவார்.

பெயர் மாற்றத்தையே எடுத்துக்கொள்வோம். "மலர்" என்பவளை "வள்ளி" ஆக்க விரும்பி, கணினியில் எல்லாவற்றையும் ஒரேயடியாய் மாற்று என்று ஆணையிடுகிறார். "தாமரை மலர்ந்தது" என்பது "தாமரை வள்ளிந்தது" ஆகிறது! அதுகூட உடனே தெரிந்துவிடும். "மலரை", "மலருக்கு" என்று வேற்றுமை ஏற்ற இடங்களில் புள்ளி மறைந்துவிடுகிறதே. அவற்றைப் பொறி அடையாளம் காணாது. கதை முழுதும் வள்ளி பேசுவாள். இடையிடையே, இல்லாத மலரைக் காதலன் தேடிக்கொண்டிருப்பான்!

ஆதலின் கடைசி மாலையில் பார்க்கவேண்டியவை சிலவே. பெயர்கள், ஆண்டுகள், எண்கள், பொருள் மாறும் சொற்கள். வாய்விட்டுப் படித்தால் கண் தாண்டிய பிழையைக் காது பிடித்துவிடும். ஆனால் ரகர றகரத்தையும் நகர னகரத்தையும் காது காட்டிக்கொடுக்காது. அவற்றுக்கு வேறொருவர் கண் வேண்டும். அந்த வேறொருவர் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியராகிய நாம்தான் அந்தக் கண்.

அனுப்பிய பிறகு பிழை தெரிந்தால்? அன்றிரவே "திருத்திய படி", மறுநாள் "மீண்டும் திருத்திய படி" என்று அனுப்பிக்கொண்டிருப்பவர் தம் அமைதிக்காக ஆசிரியர் குழுவின் நேரத்தைச் செலவிடுகிறார். பொருள் தலைகீழானால் மட்டும், பக்கமும் வரியும் குறித்து ஒரே மடல் எழுதலாம். நம் பழந்தமிழ் நூற்பதிப்புகளில் "பிழை திருத்தம்" என்று ஒரு தாள் இருந்ததைப் பலர் கண்டிருக்கலாம். இன்ன பக்கம், இன்ன வரி, இன்ன பிழை, இன்ன திருத்தம் என்று ஊரறியச் சொல்லிவிட்டுத்தான் நூலை விற்றார்கள். அதனால் அவர்கள் மதிப்புக் குறைந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இதழாசிரியர்களையும் போட்டி நடத்துவோரையும் ஒன்று வேண்டிக்கொள்கிறோம். அறிவிப்பின் கீழே, "அடித்துத் திருத்திய படிகளும் ஏற்கப்படும்" என்று ஒரு வரி சேர்த்து அச்சிடுங்கள். திருப்பியனுப்பும் கதைகளில் "பிழைகள் மலிந்துள்ளன" என்று மட்டும் எழுதாமல், முதல் பக்கத்துப் பிழைகளையேனும் கோடிட்டுக் காட்டி அனுப்புங்கள். நம்மைப் போன்ற ஆசிரியர்களோ, கட்டுரை ஏட்டில் சிவப்பு மையால் வட்டமிடுவதோடு நின்றுவிடாமல், வட்டத்துக்குள் இருக்கும் சொல் ஏன் தவறு என்று பிள்ளையை அருகில் அழைத்துச் சொல்ல வாரத்துக்கு ஒரு வகுப்பை ஒதுக்கலாம்.