முதுமையும் முறுவலும்

முதுமையைக் கண்டு சிரிக்க முடியுமா? சிரிப்பது முறையாகுமா?

மும்பை மாட்டுங்காவில் வாழும் பெரியவர் ஒருவர் இக்கேள்வியை என்னுள் எழுப்பினார். இளமையில் சுருக்கெழுத்தும் தட்டச்சும் பயின்று, வேலை தேடி அந்நகருக்கு ரயிலேறிய தமிழர் பலருள் அவரும் ஒருவர். எண்பது வயதைக் கடந்தபின் அவரது செவிப்புலன் மங்கியது. ஒருநாள் மருமகள் ஒன்றைக் கேட்க, அவர் வேறொன்றைச் சொல்ல, வீட்டிலுள்ளோர் அனைவரும் சிரித்துவிட்டனர். எவருக்கும் தீய எண்ணம் இல்லை. ஆயினும் அன்றிரவு அவர் உணவு கொள்ளவில்லை.

சில மாதங்களுக்குப் பின் அவரைச் சந்தித்தேன். நான் கேட்ட கேள்விக்குச் சற்றும் பொருந்தாத விடை ஒன்றைக் கூறினார். தவற்றை உணர்ந்ததும் தாமே வாய்விட்டுச் சிரித்தார். "சுவாமி, முப்பத்தைந்து வருஷம் அதிகாரிகள் சொன்னதையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் வாங்கிக் கொடுத்த காதுகள் இவை. எனக்குப் பென்ஷன் கிடைத்துவிட்டது. இவற்றுக்கும் ஓய்வு வேண்டாமா?" என்றார்.

குறை ஒன்றே. முன்பு அவரைப் புண்படுத்திய அது, இப்போது மகிழ்ச்சி தந்தது எவ்வாறு?

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைக் கூறுகிறார். இழிவுணர்ச்சியாகிய இளிவரல் பிறக்கும் நான்கு இடங்களைக் கூறும்போது, மூப்பை முதலில் வைக்கிறார். பிறர் நம் மூப்பைப் பார்த்து நகைக்கும்போது அது நமக்கு எள்ளலாகவே படுகிறது. உள்ளத்தில் இளிவரல் எழுகிறது. அன்றிரவு அவருக்கு நேர்ந்தது இதுவே.

மும்பையிலேயே இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 1995 மார்ச் 13 அன்று டாக்டர் மதன் கட்டாரியா, அந்தேரியின் லோகண்ட்வாலா பகுதிப் பூங்கா ஒன்றில் ஐந்து பேருடன் சிரிப்பு மன்றத்தைத் தொடங்கினார். முதலில் நகைச்சுவைத் துணுக்குகளைச் சொல்லிச் சிரித்தனர். இரண்டு வாரங்களுக்குள் நல்ல துணுக்குகள் தீர்ந்துவிட்டன. மனத்தைப் புண்படுத்துபவை தலைகாட்டின. சிலர் முகம் சுளித்தனர். அதன் பின்னரே துணுக்குகள் இன்றிச் சிரிக்கும் பயிற்சியை அவர் வகுத்தார். இன்று அது பல நாடுகளில் பரவியுள்ளது. பிறரைப் பொருளாக வைத்துச் சிரிக்கும் சிரிப்பு விரைவில் கசந்துவிடும் என்பது இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம்.

பெரியவர் தம்மைக் குறித்தே சிரித்தார். உடலே நான் என்று எண்ணும்வரை அதன் தளர்ச்சி நமது தோல்வியாகத் தோன்றும். அதைக் காணும் சாட்சியாகச் சற்று விலகி நின்றால், நெடுநாள் உழைத்துக் களைத்த ஊழியரைப் பார்ப்பதுபோல் அதைப் பார்க்க முடியும். அப்பார்வையில் சிரிப்பும் உண்டு, நன்றியும் உண்டு. நன்றாகக் கேட்ட காலத்தில் நம் காதுகளுக்கு ஒருநாளாவது நன்றி சொன்னோமா? நன்றாக நடந்த காலத்தில் முழங்கால்களை நினைத்ததுண்டா? நமக்கு உரிமை என்று எண்ணியிருந்தவை எல்லாம் இரவலாகக் கிடைத்தவை என்பதை முதுமை மெல்ல உணர்த்துகிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. வலியால் துடிப்பவரிடமும் தனிமையில் வாடுபவரிடமும் சென்று, 'சிரியுங்கள், நன்றியோடு இருங்கள்' என்று உபதேசிப்பது கொடுமை. துன்பம் வரும்போது நகுமாறு வள்ளுவர் சொன்னது துன்பம் உற்றவனுக்கு; அருகில் நிற்பவனுக்கு அன்று. அருகில் நிற்பவருக்கு உரிய கடமை வேறு. மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். எதிரில் அமர்ந்து நிதானமாகப் பேச வேண்டும். ஒரே சொல்லைப் பத்தாம் முறை கேட்டாலும் முதல் முறைபோல் விடை சொல்ல வேண்டும்.

அந்த மருமகள் அதைத்தான் செய்தார். மாமனாரை மருத்துவரிடம் அழைத்துச் சென்று செவிக்கருவி வாங்கித் தந்தார். அதை அணிந்த முதல் நாள் அவர், "இப்போது எல்லாம் கேட்கிறது. வேண்டாததைக் கேளாமல் இருக்கும் வசதிதான் போய்விட்டது!" என்று சொல்லிச் சிரித்தாராம்.

அவர் சிரித்த பிறகே வீட்டிலுள்ளோரும் சிரித்தனர். அன்றிரவு எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உண்டனர்.