குடத்துக்குள் எந்த ஓலை?

காஞ்சிபுரம் மாவட்டத்துப் பெருநகர் என்ற ஊர்க்காரர்களுக்கு வட்டத் தலைநகர் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துக் கல்லில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை விதிகள் (கி.பி. 919, 921) இருக்கின்றன. 30 குடும்புகளிலும் (ஊர்ப் பிரிவுகளிலும்) தகுதியுள்ளவர்களின் பெயர் எழுதிய ஓலைகள் குடத்தில் விழும். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் எடுப்பான். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் ஏந்த வேண்டும். கைக்குள் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதே! குலுக்கலில் வந்ததைத் தெய்வ சித்தம் என்று கொள்பவர்கள் உண்டு. கல்வெட்டின் கவலையோ, குடத்துக்குள் யார் ஓலை போகலாம் என்பதில்தான். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கும் 70-க்கும் இடையே இருக்க வேண்டும். கணக்குக் காட்டாதவர் பெயர் மட்டுமல்ல, அவருடைய உறவினர் பெயரும் கூடாது.

மரபணுத் தரவை வாசிக்கும் உயிரியலாளர் போடுவதும் குடவோலைக் கணக்குதான். மனிதனுக்குப் புரதம் செய்யும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000. நோயாளியின் ரத்தத்தில் அவற்றுள் 200 மட்டும் வழக்கத்துக்கு மாறாகத் துடிப்பாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். எந்த மரபணு எந்த உயிர்ச்செயலில் பங்கெடுக்கிறது என்பதை 1998-இல் தொடங்கிய ‘ஜீன் ஆன்டாலஜி’ பட்டியல் குறித்துவருகிறது. ஒரு செயலின் முத்திரை 400 மரபணுக்களில் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு எடுத்த 200-இல் சராசரியாக 4 வரும். 20 வந்தால்? அந்தச் செயல் ‘செறிந்திருக்கிறது’ என்று கட்டுரையில் எழுதிவிடுவார்கள்.

குடத்தில் எதைப் போட்டோம் என்பது இங்கே பலருக்கு மறந்துபோகிறது. ரத்தத்தில் வாயே திறக்காத கண், மூளை மரபணுக்களையும் சேர்த்து நிரப்பினால், ரத்தத்திலிருந்து எதை அள்ளினாலும் ‘நோய் எதிர்ப்பு’ செறிந்ததாகவே தெரியும். உத்திரமேரூர்ச் சபையார் இப்படி ஏமாந்திருக்கமாட்டார்கள்.

குடம் சரியாக இருந்தாலும் முத்திரை இடறும். லண்டன், தென்னாப்பிரிக்கக் காசநோயாளிகளின் ரத்தத்தில் 393 மரபணுப் படிகள் கொண்ட ஓர் அடையாளத்தை 2010-இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டது. அதில் ஓங்கி நின்றவை இன்டர்ஃபெரானால் தூண்டப்படும் மரபணுக்கள். இத்தகைய அடையாளங்கள் தென்னிந்தியர்களிடமும் நோயாளியையும், கிருமி உறங்கும் உடலையும் பிரித்துக் காட்டுவதாக 2018-இல் இன்னொரு ஆய்வு சொன்னது. சங்கடம் பெயரில்தான். இன்டர்ஃபெரான் 1957-இல் இன்ஃப்ளுயன்சா வைரஸ் ஆய்வில் கண்டறியப்பட்டது. அதனால் இந்த மரபணுக்களில் பலவற்றுக்குப் பட்டியலில் ‘வைரஸை எதிர்த்தல்’ என்றே முத்திரை. காசநோயை உண்டாக்குவதோ பாக்டீரியா! முத்திரையை அப்படியே நம்புகிறவர், இல்லாத வைரஸைத் தேடிப் புறப்படுவார்.

பெயருக்கும் பொருளுக்கும் இடையிலான இந்த வழக்கு, உத்திரமேரூரின் மாவட்டத் தலைநகரான காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. அந்நகரை ஒட்டிய ஊரில் பிறந்தவர் என்று மரபு சொல்லும் பௌத்தத் தர்க்க அறிஞர் திக்நாகர், பொதுப்பெயர்கள் சுட்டும் ‘பொதுமை’ உலகில் கிடையாது என்றார். மற்றவற்றை விலக்கி, மிஞ்சியதற்கு நம் மனம் இடும் பெயர்தான் அது. நியாய மரபினர் ஒப்பவில்லை. பொதுமை பொருள்களில் மெய்யாகவே உண்டு என்பது அவர்கள் கட்சி.

மரபணு விஷயத்தில் திக்நாகர் பக்கமே சாயத் தோன்றுகிறது, ஆனால் முழுதாக அல்ல. இந்த மரபணுக்கள் சேர்ந்து எழுவது கற்பனையில்லை. இன்டர்ஃபெரான் செல்லின் வாசலில் ஒட்டியதும், ஸ்டாட்1 முதலிய புரதங்கள் உட்கருவுக்குள் போய் அவற்றை ஒருசேர எழுப்புகின்றன. கூட்டு இயற்கையுடையது. ‘எதிர்த்தல்’ என்ற நோக்கம் நாம் ஒட்டியது. எலிகளில் செய்த சோதனைகளில் முதல் வகை இன்டர்ஃபெரான் மிகுந்தபோது காசநோய் தணியவில்லை, முற்றியது.