பூச்சியியலும் ஜீவஹிம்சையும்

ஸ்ரீவில்லிபுத்தூரின் பருத்தி ஆராய்ச்சி நிலையமும் இராஜபாளையத்தின் மலையடி மாந்தோப்புகளும் அமைந்த இப்பிரதேசத்தில், 4 ஆண்டு வேளாண்மைப் பட்டப்படிப்பில் மண்ணியல், உழவியல் முதலியவற்றோடு பூச்சியியலும் பயின்று, பூச்சிகளைக் கொன்று ஊசி குத்திப் பெட்டியில் அடுக்கும் மாணவனுக்கு, ஜீவஹிம்சை பற்றிய தர்மவிசாரம் தவிர்க்கவொண்ணாதது. கலப்பையின் இரும்புமுனை மண்வாழ் உயிர்களை வதைப்பதால் மனு ஸ்மிருதி உழவைப் பழித்தது. வள்ளுவரோ உழவையும் கொல்லாமையையும் தனித்தனி அதிகாரங்களில் போற்றினார். வில்லிபுத்தூர் நந்தவனத்தில் மலர் வளர்த்த பெரியாழ்வாரும் புழுவரித்த பூவைப் பெருமாளுக்குச் சூட்டியிரார் என்றே நம்புகிறேன்.

சேதம் பொருளாதார எல்லையை எட்டினாலன்றி மருந்து தெளிக்கலாகாது என்று பூச்சியியல் பாடமே கற்பிப்பது பெரும் ஆறுதல். ஆயினும், காய்ப்புழுவின் முட்டைகளை அழிக்க டிரைக்கோகிரம்மா என்னும் குளவியின் ஒட்டுண்ணி அட்டையைப் பருத்திச் செடியில் கட்டுகிறவன், அச்சங்கல்பம் தன்னுடையதாகையால், கொல்வது குளவியேயன்றித் தானல்லன் என்று சொல்லித் தப்பமுடியாது.