யாருடைய அளவுகோல்?

சில மாதங்களுக்கு முன்னர் ஆசிரியை ஒருவர் எம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். தொழிற்சங்க வேலைகளில் எம்முடன் பல காலம் உழைத்தவர். மூன்று பிள்ளைகளின் தாய். பிள்ளைப்பேற்றின் பின் தளர்ந்துபோன மார்பகங்களை ஒரு பெண் சத்திரசிகிச்சை மூலம் உயர்த்திக்கொள்வது பிழையா என்பதே அக்கேள்வி. தமக்காகக் கேட்பதாக அவர் சொல்லவில்லை, நாமும் வினவவில்லை. ஆயினும் எமக்கு விளங்கியது.

நாம் அவருக்கு ஒரு பிரசங்கமே செய்தோம். உழைக்கும் மக்கள் ஒரு வேளைக் கஞ்சிக்கு வழியின்றித் தவிக்கும் உலகிலே இத்தகைய சிகிச்சைகள் பணம் படைத்தோரின் வீண் ஆடம்பரங்கள் என்றோம். உள்ளத்தின் அழகே அழகு என்றோம். அவர் மறுத்துப் பேசவில்லை. போகும்பொழுது மட்டும், பாலூட்டினால் உடம்பு இப்படித்தான் கெட்டுப்போகுமென்று கருவுற்றிருக்கும் தம் தங்கை அஞ்சுவதாகவும், பிறக்கவிருக்கும் பிள்ளைக்குப் போத்தற்பாலே போதுமென அவள் தீர்மானித்துவிட்டதாகவும் சொல்லிச் சென்றார்.

அந்தக் கடைசி வார்த்தையே எம்மை உறங்கவிடாது செய்தது. அவர் கேட்ட கேள்விக்கு நாம் விடையே அளிக்கவில்லை. அவர் அறிந்துகொள்ள வேண்டியிருந்த எதையும் நாம் சொல்லவுமில்லை. அறியாத ஒன்றைப் பற்றி அறம் பேசுவது எளிது. அந்த எளிய வழியையே நாம் மேற்கொண்டோம். இக்கட்டுரை அப்பிழையைத் திருத்திக்கொள்ளும் ஒரு முயற்சி.

முதலில் உண்மைகளைப் பார்ப்போம். மார்பகத்தினுள் அதை உயர்த்தி நிறுத்தவல்ல தசை எதுவும் இல்லை. பாற்சுரப்பிகளும் கொழுப்பும் தொடுப்பிழையமுமே அதனுள் உள்ளன. அவற்றைத் தாங்கி நிற்பவை மேற்றோலும், உள்ளே ஓடும் மெல்லிய நார்களும் ஆகும். ஆங்கிலேயச் சத்திரவைத்தியர் அஸ்லி கூப்பர் 1840ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அந்நார்களை விவரித்தமையால் அவை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. வயது ஏற ஏறத் தோலின் மீள்தன்மை குறைகிறது, நார்கள் நீளுகின்றன, மார்பகம் தாழுகிறது. தலைமயிர் நரைப்பது எவ்வாறு நோயன்றோ, அவ்வாறே இதுவும் நோயன்று.

தாய்ப்பால் கொடுப்பதே இதற்குக் காரணமென்னும் நம்பிக்கை பரவலானது. ஐக்கிய அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் ரிங்கர் என்னும் சத்திரவைத்தியரும் அவருடைய சகாக்களும், மார்பக அழகுச் சிகிச்சையை நாடி வந்த தாய்மாரை ஆராய்ந்து 2008ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். வயது, உடற்பருமன், கருவுற்ற தடவைகள், கருவுறுமுன் இருந்த மார்பகத்தின் அளவு, புகைத்தல் ஆகியவையே தளர்ச்சியுடன் தொடர்புடையனவாகக் காணப்பட்டன. பாலூட்டியோருக்கும் ஊட்டாதோருக்குமிடையே அதனால் விளைந்த வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. பாலைக் கொடுத்தாலும் மறுத்தாலும், கருவுற்ற உடலில் நிகழும் மாற்றம் நிகழ்ந்தே தீரும். ஆகவே அந்தத் தங்கை தன் பிள்ளைக்கு மறுக்க எண்ணிய பால் ஒரு பொய்யின் பெயராலேயே மறுக்கப்படவிருந்தது. இதை அன்று நாம் அறிந்திருக்கவில்லை. எமது பிரசங்கத்தில் இதற்கு இடமும் இருக்கவில்லை.

இனிச் சிகிச்சை. களிம்புகளும் எண்ணெய்களும் நீண்டுபோன தோலைச் சுருக்கிவிடா. தேகப்பயிற்சி மார்பகத்தின் கீழுள்ள தசையையே வளர்க்கும். சத்திரவைத்தியர் செய்வது, மிகையான தோலை வெட்டி நீக்கி, உள்ளிருக்கும் இழையத்தை மேலே இழுத்து அமைத்து, முலைக்காம்பை உயர்ந்த இடத்துக்கு மாற்றித் தைப்பதாகும். தளர்ச்சி சிறிதாயின் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தோடு வெட்டு முடியும். கூடுதலாயின் அங்கிருந்து கீழ்நோக்கி ஒரு கோடு இறங்கும். மிகையாயின் மார்பின் அடிமடிப்பிலும் ஒரு கோடு சேர்ந்து நங்கூரத்தின் வடிவைப் பெறும். பெரும்பாலும் நோயாளி முழு மயக்கத்தில் இருக்கவே சில மணி நேரத்தில் இது செய்யப்படுகிறது.

இதன் விலை காசு மட்டுமன்று. தழும்பு நிச்சயம், மாதங்கள் செல்லச் செல்ல மங்குமேயன்றி மறையாது. காம்பின் உணர்ச்சி குறையலாம், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம். பின்னர் பிள்ளை பெற்றால் பாலூட்டும் ஆற்றல் குன்றலாம். இரத்தப்போக்கு, கிருமித்தொற்று, புண் ஆறுவதில் தாமதம், இருபுறமும் ஒவ்வாமை ஆகியன நேரலாம். அரிதாகக் காம்பின் இழையமே இறந்துவிடுதலும் உண்டு. புகைப்போருக்கு இவ்வாபத்துக்கள் அதிகம். இன்னும் பிள்ளை பெற விரும்புவோரும், உடல் நிறை ஏறி இறங்கும் நிலையிலுள்ளோரும் பொறுத்திருத்தலே நன்றென்பர் வைத்தியர். ஏனெனில் அடுத்த கர்ப்பமோ நிறைமாற்றமோ செய்த வேலையைக் குலைத்துவிடக்கூடும். எதுவும் நேராவிடினும் காலம் தன் வேலையை நிறுத்துவதில்லை. உயர்த்தப்பட்டது மீண்டும் தாழும்.

இவற்றோடு விளம்பரங்கள் சொல்லாத இன்னொரு செய்தியும் உண்டு. சிகிச்சையின் பின் சில வாரங்கள் பாரம் தூக்கலாகாது. கைக்குழந்தையும் பாரமே, தண்ணீர்க்குடமும் பாரமே. அவ்வாரங்களில் வீட்டில் அவற்றைத் தூக்குவோர் யார்? ஓய்வு என்பதும் எல்லாருக்கும் ஒரே விலையில் கிடைக்கும் பண்டமன்று.

இவ்வளவும் அறிந்த பின்னரும் ஒருத்தி இச்சிகிச்சையை விரும்பினால் நாம் என்ன சொல்வது? இங்கேதான் அறத்தின் கேள்வி தொடங்குகிறது. அவளுடைய விருப்பம் அவளுடையதே என்று சொல்லி விலகிக்கொள்வது ஒரு வழி. தாராளவாதிகள் அவ்வாறே செய்வர். ஆனால் விருப்பங்கள் ஆகாயத்திலிருந்து விழுவனவல்ல. உற்பத்தியானது பண்டத்தை மட்டுமன்றி, அப்பண்டத்தை வேண்டி நிற்கும் மனிதனையும் உண்டாக்குகிறதென மார்க்ஸ் 1857ஆம் ஆண்டின் குறிப்புகளிலேயே சுட்டிச் சென்றார். உடலை விற்பனைக்களமாக்கிய வணிகத்துக்கு இது முற்றிலும் பொருந்தும். சிகிச்சையை விற்பதற்கு முன் குறைபாட்டை விற்றாக வேண்டும்.

இது வெறும் ஊகமன்று. 1982ஆம் ஆண்டில், சிலிக்கோன் மார்பகப் பைகள்மீது கடுமையான கட்டுப்பாடு விதிக்க ஐக்கிய அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் முற்பட்டபொழுது, அந்நாட்டுப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர்களின் சங்கம் எதிர்த்து விண்ணப்பித்தது. சிறிய மார்பகங்கள் உருக்குறைபாடுகள் என்றும், உண்மையில் ஒரு நோயே என்றும் அவ்விண்ணப்பத்தில் வாதிக்கப்பட்டது. கோடிக்கணக்கான பெண்கள் தாம் அறியாமலே நோயாளிகளாகிவிட்டனர்! தளர்ச்சிக்கும் இவ்வாறே படிநிலைகள் உண்டு. 1976ஆம் ஆண்டில் போலா ரெக்னோ வகுத்த அப்படிநிலைகள், அடிமடிப்பை நோக்கக் காம்பு எங்கே நிற்கிறது என்பதை அளப்பன. எங்கே வெட்டுவதென முடிவுசெய்யும் வைத்தியருக்கு அது பயனுள்ள கருவி. அதே அளவுகோல் கண்ணாடிமுன் நிற்கும் பெண்ணின் கைக்கு வரும்பொழுது, அவள் வாழ்ந்த வாழ்வுக்கே புள்ளி போடும் பிரம்பாக மாறிவிடுகிறது.

இக்கேள்வியின் சிக்கலை முழுமையாகக் காண விரும்புவோர் பிரேசிலைப் பார்க்க வேண்டும். இவோ பித்தாங்கி அந்நாட்டின் புகழ்பெற்ற பிளாஸ்டிக் சத்திரவைத்தியர். மார்பகத்தைச் சிறிதாக்கி உயர்த்துவதற்கு அவர் வகுத்து 1967ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை அவர் பெயரால் அறியப்படுகிறது. 1961ஆம் ஆண்டு டிசெம்பரில் நித்தெரோய் நகரில் சர்க்கஸ் கூடாரமொன்று தீப்பற்றி ஐந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டபொழுது, எரிந்த உடல்களுடன் தப்பியோருக்குச் சிகிச்சையளித்தவர்களில் அவரும் ஒருவர். செல்வந்தருக்கெனத் தனியார் சிகிச்சை நிலையம் நடத்திய அவரே, ரியோ டி ஜெனீரோவின் சாந்தா காசா தர்ம வைத்தியசாலையில் ஏழைகளுக்கும் ஒரு பிரிவை உண்டாக்கினார். அழகு பணக்காரரின் தனிச்சொத்தன்று, ஏழைக்கும் அதில் உரிமையுண்டு என்பதே 2016ஆம் ஆண்டில் மறையும்வரை அவர் கொண்டிருந்த கொள்கை.

இதைக் கேட்கும் முற்போக்காளர் ஒருவர் உடனே கைதட்டவும் முடியாது, உடனே ஏளனம் செய்யவும் முடியாது. பிரேசிலில் அடிமைமுறை 1888ஆம் ஆண்டிலேயே ஒழிக்கப்பட்டது. அதன் பின்னரும் நெடுங்காலம் அங்கே வேலை விளம்பரங்களில் ‘நல்ல தோற்றம்’ வேண்டுமென அச்சிடப்பட்டது. கறுப்பு நிறத்தோர் வரவேண்டாம் என்பதே அதன் மறைபொருள். உடல் அங்கே ஒரு தகுதிப்பத்திரம். அத்தகைய சமுதாயத்தில் கடையில் நிற்கும் பெண்ணோ வீட்டுவேலை செய்யும் பெண்ணோ காசு சேர்த்துத் தன் உடலைத் திருத்திக்கொள்ள நினைப்பதை மூடத்தனம் என்று யாரால் சொல்லமுடியும்? தன் முன்னுள்ள சந்தையின் விதியை அவள் சரியாகவே படித்திருக்கிறாள்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. மானிடவியலாளர் அலெக்சாண்டர் எட்மண்ட்ஸ் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் அவ்வைத்தியசாலைகளை உள்ளிருந்து ஆராய்கிறது. பயிற்சிபெறும் இளம் வைத்தியர்கள் கைபழகுவது அங்கு வரும் ஏழைப் பெண்களின் உடல்களிலேயாகும். பழகிய கைகள் பின்னர் தனியார் நிலையங்களுக்குச் செல்லும். வேலை விளம்பரத்தின் அநீதி இருந்தபடியே இருக்க, அதற்கேற்பத் தன்னை வெட்டித் தைத்துக்கொள்ளும் உரிமை மட்டும் ஏழைக்கு வழங்கப்படுகிறது. சம உரிமை என்பது இதுவாயின், அளவுகோல் யாருடையது என்னும் கேள்வி எழாமலே புதைக்கப்பட்டுவிடும்.

எனினும் இவ்வாதத்தை இன்னோர் எல்லைக்கு இழுத்துச் சென்று, உடலின் தோற்றம் பற்றிய துயரமெல்லாம் பொய்த்துயரம் என்பார் எம்மிடையே உளர். அவர்களுக்கு வரலாறு விடை தருகிறது. நவீன பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை வளர்ந்தது போர்க்களத்தின் பின்புறத்திலே. முகம் சிதைந்த போர்வீரருக்கெனச் சிட்கப்பில் 1917ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வைத்தியசாலையில் ஹரோல்ட் கில்லீஸ் அவர்களுக்கு மீண்டும் முகம் அமைத்துக் கொடுத்தார். அதனை ஆடம்பரம் என்பாருளரோ? புற்றுநோயால் மார்பகத்தை இழந்த பெண்ணுக்கு அதனை மீள அமைத்துக் கொடுப்பது பொதுச் சுகாதார சேவையின் கடமையென 1999ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியதும் அதே பிரேசில்தான். மார்பின் பாரத்தால் கழுத்தும் தோளும் நொந்து வாழும் பெண்ணும் இருக்கிறாள். தேவைக்கும் ஆடம்பரத்துக்கும் இடையே சுண்ணாம்புக்கோடு போட்டாற்போல் எல்லை கிழிக்க இயலாது. மனம் படும் வேதனையும் வேதனையே.

ஆனால் அவ்வேதனையைக் காசாக்கும் வணிகத்துக்கு நாம் சலுகை காட்ட வேண்டியதில்லை. மார்பகத்தை உயர்த்தும்பொழுதே உள்ளே பை வைத்துப் பெருப்பிப்பதும் வழக்கம். பி.ஐ.பி. என்னும் பிரெஞ்சு நிறுவனம் மருத்துவத்துக்கு அனுமதிக்கப்படாத மலிவான கைத்தொழிற் சிலிக்கோனை அத்தகைய பைகளில் நிரப்பி உலகெங்கும் விற்றது 2010ஆம் ஆண்டில் அம்பலமாயிற்று. பிரான்சில் மட்டும் ஏறத்தாழ 30,000 பெண்களுக்கு அவை வைக்கப்பட்டிருந்தன. அவற்றை அகற்றிக்கொள்ளுமாறு 2011ஆம் ஆண்டின் இறுதியில் அரசு அறிவுறுத்தியது. நிறுவனத்தின் தலைவர் 2013ஆம் ஆண்டில் நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். தண்டனை நான்கு ஆண்டோடு முடியும். மீண்டும் சத்திரமேசையில் படுத்த பெண்ணின் தழும்பு முடிவதில்லை.

ஆகவே எமது முடிவு இதுவாகும். சுதந்திரமான தீர்மானம் என்பது விரும்பியதைச் செய்தல் மட்டுமன்று. உண்மை முழுவதையும் அறிந்திருத்தலும், அச்சத்தினால் உந்தப்படாதிருத்தலும் அதற்கு வேண்டும். இவ்விரண்டும் இல்லாதவிடத்துக் கையொப்பமிட்ட சம்மதப் பத்திரமும் ஏட்டளவிலேயே சம்மதமாகும். இவ்விரண்டும் உள்ளவிடத்து, ஒரு பெண் தன் உடலைப் பற்றி எடுக்கும் முடிவைத் தீர்ப்பிடும் அதிகாரம் கணவனுக்கும் இல்லை, வணிகனுக்கும் இல்லை, முற்போக்கு எழுத்தாளனுக்கும் இல்லை. அளவுகோலை மாற்றப் போராடுவது எமது கடமை. அப்போராட்டம் வெல்லும்வரை தன் வேதனையைப் பொறுத்திருக்குமாறு அவளுக்குக் கட்டளையிடுவது எமது கடமையன்று. கணவனும் வணிகனும் அவளிடம் ஓர் உடலைக் கேட்டனர். நாம் ஓர் உதாரணத்தைக் கேட்டோம். கேட்டவர் அனைவரும் தத்தம் அளவுகோலுடனேயே வந்தோம்.

அண்மையில் அந்த ஆசிரியையை மீண்டும் சந்தித்தோம். மேலே சொன்ன உண்மைகளை ஒன்றொன்றாகச் சொன்னோம். முன்னர் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டோம். நல்ல தகுதிபெற்ற நிபுணர் ஒருவரைக் காணுமாறும், வயதுக்கேற்ற மார்பக ஊடுகதிர்ப் பரிசோதனையை முதலில் செய்துகொள்ளுமாறும், அவசரப்படுத்தும் எவரிடமும் போகவேண்டாமென்றும் சொன்னோம். முடிவாக, ‘உங்களை எவரும் பாராத, எவரும் அளவாத ஓர் ஊரில் வாழ்ந்தாலும் இதனை விரும்புவீர்களா?’ என்று கேட்டோம். விடையை எமக்குச் சொல்ல வேண்டாம், தமக்கே சொல்லிக்கொண்டால் போதும் என்றோம்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், அந்தப் பால் பற்றிய செய்தியை ஒரு தாளில் தெளிவாக எழுதித் தருமாறு கேட்டார். தங்கைக்கு மாதம் நெருங்கிவிட்டதாம்.