கள்ளுக்கடையை மூடச் சொன்னவன் பள்ளிக்கூடமும் கேட்டான்

உன் குடிக்கு யார் காரணம்?

கடைக்காரனா? கூட்டாளியா? அரசாங்கமா? நீ பிறந்த தோட்டமா?

ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே போகிறாய். உன் பெயர் மட்டும் அதில் வரவே இல்லை. ஏன்?

"கடை இருக்கு, குடிக்கிறேன். அரசாங்கம் இழுத்து மூடட்டும், நானும் நிறுத்திக்கிறேன்." பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடை மேசையில் இந்தப் பேச்சு கேட்கிறது. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் கேட்கிறது. கேட்பதற்கு நியாயம் போலவே இருக்கிறது.

அதில் நியாயம் எங்கே இருக்கிறது தம்பி? உன் உடம்பைப் பற்றிய முடிவை யாரோ ஓர் அதிகாரியிடம் கொடுத்துவிட்டு, அவர் கையெழுத்துப் போடும்வரை குடித்துக்கொண்டிருப்பேன் என்கிறாய்!

கோபம் வருகிறதா? வரட்டும். அந்தக் கோபத்தோடு மேலே படி.

இதே கிள்ளான். ஆண்டு 1941.

உன் தாத்தாவோ பூட்டனோ பால்மரம் சீவிய காலம். எதிரே துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். ஒரே வேலைக்குச் சீனருக்கு ஒரு கூலி, தமிழனுக்கு அதைவிடக் குறைந்த கூலி. எதிர்த்துப் பேசினால் வேலையும் இல்லை, லயத்தில் வீடும் இல்லை.

அந்த மனிதர்கள் வேலையை நிறுத்தினார்கள்! ஆர்.எச். நாதன் முன்னின்றார். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் துணை நின்றது. கோரிக்கைகள் எழுத்தில் வந்தன.

என்னென்ன கேட்டார்கள் தெரியுமா?

சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி கேட்டார்கள். ஒழுங்கான மருத்துவம் கேட்டார்கள். எங்கள் பெண்கள்மேல் கை வைக்காதே என்றார்கள். துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும் என்றார்கள்.

கள்ளுக்கடையை மூடு என்றார்கள்!

இந்த இடத்தில் நில். நன்றாக யோசி. கள்ளுக்கடையை மூடச் சொன்னது யார்? மேலே உட்கார்ந்திருந்தவனா? சட்டம் போடுகிறவனா? குடித்துக் குடித்து நொந்துபோன அதே லயத்துச் சனம்தான் சொன்னது.

பல தோட்டங்களில் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. சம்பளம் கொடுத்த இடத்திலேயே அதைச் செலவழிக்கவும் வழி செய்து வைத்திருந்தார்கள். பொழுது விடியும் முன்னே மரத்தடிக்குப் போய் உழைத்த காசு, பொழுது சாய்ந்ததும் கள்ளாகிப் போனது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கப் பட்டதாரி தேவைப்படவில்லை. கைநாட்டு வைத்த மனிதர்களே போட்டுவிட்டார்கள்.

நீ எஸ்பிஎம் எழுதியவன். உன்னால் போட முடியாதா?

1941 மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். பிறகு நாடு கடத்தினார்கள். வேலைநிறுத்தம் அடங்கியதா? இன்னும் பரவியது! மே 16-ம் தேதி சிலாங்கூரில் அவசர நிலை. படை இறங்கியது. துப்பாக்கிகள் வெடித்தன. ஐந்து தொழிலாளர்கள் செத்து விழுந்தார்கள்.

அந்த ஐந்து பேரும் எந்தக் கோரிக்கைகளுக்காகச் செத்தார்களோ, அவற்றில் ஒன்று கள்ளுக்கடை மூடல். ஒன்று பிள்ளைகளின் படிப்பு. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டார்கள். கடை மட்டும் மூடினால் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. மூடிய கடைக்கு முன்னால் நிற்கப்போகும் பிள்ளைக்கு அறிவு வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தது. கெடாவில், பீடோங் பக்கத்து ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தொண்டர் படையைத் திரட்டினார். கள்ளுக்கடை வாசலில் மறியல்! உள்ளே போகாதே என்று தொழிலாளியைத் தொழிலாளியே தடுத்தான். சட்டத்துக்காக அவர்கள் காத்திருந்தார்களா? சட்டம் எதிரே தடியோடு வந்து நின்றது. 1947-ல் அந்தப் படையைப் போலீஸ் நசுக்கியது.

அவர்கள் காத்திருக்கவில்லை. நீ எதற்காகக் காத்திருக்கிறாய்?

சரி, உன் வழிக்கே வருகிறேன். தடைகளைப் பார்ப்போம்.

2017 டிசம்பர் 1 முதல் மது வாங்கும் வயது 18-லிருந்து 21 ஆனது. நல்ல விதி. நான் வரவேற்கிறேன். ஆனால் 17 வயதுப் பையன் கையில் எப்படி டின் வருகிறது? 21 வயதைத் தாண்டிய அண்ணன் வாங்கிக் கொடுக்கிறான். சில வீட்டில் அப்பாவின் அலமாரியே திறந்து கிடக்கிறது. இதைத் தடுக்க எந்த அமைச்சர் உன் வீட்டுக்கு வருவார்?

2020 நவம்பரில் கோலாலம்பூர் மாநகர் மன்றம் புது விதிகளை அறிவித்தது. மளிகைக் கடையிலும் சீன மருந்துக் கடையிலும் சாராயம் விற்கக் கூடாது. பியருக்கும் நேரக் கட்டுப்பாடு. மாநகர் மன்றத்தின் அதிகாரம் மாநகர் எல்லையோடு முடிகிறது. பிரிக்பீல்ட்ஸில் எல்ஆர்டி ஏறினால் கால் மணி நேரத்தில் பெட்டாலிங் ஜெயா! குடிக்க முடிவு செய்துவிட்டவனுக்கு அந்தக் கால் மணி நேரம் ஒரு தடையா?

தடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் 2018 செப்டம்பரை மறந்துவிடுகிறார்கள்.

சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மலிவு விலைப் போலி மதுவைக் குடித்து 30 பேருக்கு மேல் செத்தார்கள். பிழைக்க வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களே அதிகம். நம் நாட்டவரும் இருந்தார்கள். பாட்டிலில் இருந்தது மெத்தனால்.

மெத்தனால் என்ன செய்யும் என்று உனக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? நான் சொல்கிறேன். குடித்த உடனே ஒன்றும் தெரியாது. வழக்கமான போதை போலவே இருக்கும். பல மணி நேரம் கழித்துத்தான் ஆட்டம் ஆரம்பிக்கும். கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும். அந்த அமிலம் கண் நரம்பைத் தாக்கும். பார்வை மங்கும், வயிறு வலிக்கும், மூச்சு இரைக்கும். "நேற்றுக் குடித்தது இறங்கவில்லை" என்று படுத்துக்கொள்வான். படுத்தவன் எழ மாட்டான். எழுந்தாலும் கண் தெரியாமல் போகலாம்.

அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் மாற்று மருந்து உண்டு, டயாலிசிஸ் உண்டு. பிழைக்க வைக்க முடியும்! இது தெரிந்த ஒரே ஒரு கூட்டாளி பக்கத்தில் இருந்தால் ஓர் உயிர் மிஞ்சும். படிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். சுவரில் ஒட்டும் மண்டை ஓட்டுப் படத்தை நான் படிப்பு என்று சொல்லமாட்டேன்.

போலி மது நேற்றும் சட்டவிரோதம், இன்றும் சட்டவிரோதம். தடை அங்கே இருந்தது. அறிவு இல்லை!

போதைப்பொருள் கதை இன்னும் கசப்பானது.

1983-ல் இந்த நாடு போதைப்பொருளைத் தேசத்தின் முதல் எதிரி என்று அறிவித்தது. கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனை வந்தது. 15 கிராம் ஹெராயின் கையில் இருந்தால் கடத்தல்காரன் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். தூக்குக் கயிற்றைவிடப் பெரிய தடை உலகத்தில் உண்டா? 40 ஆண்டுகள் அந்தக் கயிறு தொங்கியது. 2023-ல் தண்டனையைத் தீர்மானிக்கும் உரிமை நீதிபதிகளிடம் முழுதாகத் திரும்பியது.

அந்த 40 ஆண்டுகளில் சியாபு என்ற போதைப்பொருள் உன் தாமானுக்குள் வராமல் இருந்ததா? நீயே சொல்!

இப்போது நீ பயப்படும் இடத்துக்கு வருகிறேன். தோல்வி.

"நிறுத்திப் பார்த்தேன் அண்ணே. முடியவில்லை. மறுபடி விழுந்துவிட்டேன்." விழுந்ததற்கா வெட்கப்படுகிறாய்? விழுந்த இடத்திலேயே படுத்துக் கிடக்கிறாயே, அதற்கு வெட்கப்படு!

கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே ஓர் ஆய்வு நடந்தது. 2017-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளிவந்தது. ஹெராயின் வகைப் போதைக்கு அடிமையான இரண்டு கூட்டத்தை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு கூட்டம் பிடித்து அடைக்கப்பட்டது. இன்னொரு கூட்டம் தானாக நடந்து வந்து சிகிச்சை கேட்டது.

அடைபட்டு வெளியே வந்தவர்களில் பாதிப் பேர் 31 நாளுக்குள் மறுபடி தொட்டுவிட்டார்கள். தானாக வந்தவர்களில் பாதிப் பேர் தொட 352 நாள் ஆனது.

31 எங்கே! 352 எங்கே!

சுவரும் பூட்டும் காவலும் ஒரு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. சொந்தக் காலில் நடந்து வந்து எடுத்துக்கொண்ட மருந்தும் சிகிச்சையும் ஏறத்தாழ ஓர் ஆண்டு தாங்கியது. "352 நாள் கழித்து அவனும் விழுந்தானே" என்கிறாயா? விழுந்தான். அவனுக்கு இப்போது கதவு தெரியும். மறுபடி போய்த் தட்டுவான். உனக்கு இன்னும் அந்தக் கதவு எந்தத் தெருவில் இருக்கிறது என்றே தெரியாது!

பொறுப்பு என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு தனியாகச் சாவது என்று எவன் சொன்னான்? உதவி கேட்பதுதான் இந்த விஷயத்தில் முதல் பொறுப்பு. அடிமைத்தனம் ஒரு நோய். நோய் வந்தது உன் குற்றமில்லை. மருந்துக்குப் போகாமல் இருப்பது உன் முடிவு.

இதையும் கேள். தினமும் நிறையக் குடிக்கிறவன் ஒரே நாளில் வீராப்பாக நிறுத்திவிடாதே. கை நடுங்கும், வியர்க்கும். சிலருக்கு வலிப்பு வரும், புத்தி தடுமாறும், உயிரே போகலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்து. பயப்படுத்தச் சொல்லவில்லை. நீ பிழைக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

"எனக்கு வசதி இல்லை. நான் ஏழை வீட்டுப் பிள்ளை." இன்னொரு சாக்கு!

1960-ல் வெள்ளைக்காரர்கள் விற்ற தோட்டங்கள் துண்டு துண்டாகிக்கொண்டிருந்தன. தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். ஆளுக்கு 10 வெள்ளி கேட்டார். தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. கூலிக்குச் சீவியவர்கள் தோட்டத்துக்குப் பங்குதாரர் ஆனார்கள்!

அந்த 10 வெள்ளி எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்தா? நாள் கூலியைக் கிள்ளிக் கிள்ளிச் சேர்த்த பணம். லயத்துக்குப் பக்கத்தில் அன்றும் கள்ளுக்கடை இருந்தது. அதைத் தாண்டி வந்த பணம் அது! உன்னைவிட வசதியாகவா இருந்தார்கள் அவர்கள்?

உன் கைப்பேசியில் வங்கிக் கணக்கைத் திற. போன மாதம் பாட்டிலுக்கும் மாத்திரைக்கும் போனது எவ்வளவு? கூட்டு. பயமாக இருக்கிறதா? இருந்தாலும் கூட்டு.

அப்பாக்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. மகனைக் கூப்பிட்டு "ஐஸ் எடுத்து வா" என்கிறீர்களே, அது பாடம். சம்பளத்தன்று நீங்கள் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறீர்கள் என்பது பாடம். பள்ளிக்கூடத்தில் வருடத்துக்கு ஒருமுறை போதை ஒழிப்பு வாரம் நடக்கும். உங்கள் வீட்டில் தினமும் வகுப்பு நடக்கிறது!

பிள்ளையிடம் மனம் விட்டுப் பேசுங்கள். சியாபு தூக்கத்தைத் தின்றுவிடும், இல்லாத குரல் காதில் கேட்க வைக்கும், கட்டிய மனைவியையே சந்தேகப்பட வைக்கும் என்று விளக்குங்கள். மிரட்ட வேண்டாம். மிரட்டிய பிள்ளை ஒளிந்து செய்வான். விளங்கிய பிள்ளை கேள்வி கேட்பான். கேட்கட்டும்! பதில் தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள்.

இனி உன் கடைசிச் சாக்கு. "போனால் போலீஸ் பிடிக்குமே?"

தானாக முன்வந்து சிகிச்சை கேட்க 1983-ம் ஆண்டுப் போதையர் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஹெராயினுக்கு மெத்தடோன் சிகிச்சை 2005 முதல் அரசாங்க மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் உண்டு. சியாபுவுக்கு அப்படி ஒரு மாற்று மருந்து இல்லை. ஆலோசனையும் தொடர்ந்த கவனிப்பும்தான் வழி. கடினம். ஆனால் வழி இருக்கிறது! மதுவுக்கும் உண்டு. தனியாகப் போகக் கூச்சமா? அக்காவைக் கூப்பிடு. பழைய வாத்தியாரைக் கூப்பிடு. யாராவது ஒருவர் வருவார்.

நாளை ஷிஃப்ட் இருக்கிறதா? ஷிஃப்டை மாற்று. காலையில் எழுந்து குளி. மைகாட்டை எடுத்துச் சட்டைப் பையில் போடு. வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போ. எண் எடு. உட்கார். டாக்டர் முகத்தைப் பார்த்து, என்ன குடிக்கிறாய், எவ்வளவு குடிக்கிறாய், எத்தனை வருடமாக என்று குறைக்காமல் சொல்.

பதிவுக் கட்டணம் 1 வெள்ளி.