மறைப்பும் மெய்ம்மையும்

பந்தயக் காரொன்றின் மாதிரியுருவுக்கு நிறந்தீட்டுபவன் தன் நேரத்திற் பெரும்பகுதியைத் தீட்டுவதிற் செலவிடுவதில்லை, மறைப்பதிலேயே செலவிடுகின்றான். இருபதில் ஒரு பங்காகச் சுருக்கப்பட்ட உடற்கூட்டில் வெண்மையும் செம்மையும் மயிரிழை பிசகாது சந்திக்க வேண்டுமாயின், முதலில் வெண்மையை விசிறி, அது நன்கு காய்ந்தபின், வெண்மையாகவே நிற்கவேண்டிய பகுதியை ஒட்டுநாடாவால் மூடுதல் வேண்டும். நாடாவின் விளிம்பை நகத்தால் அழுத்திய பின்னரும் செந்நிறத்தை உடனே விசிறுதல் தகாது. விளிம்பின் மீது மீண்டும் வெண்மையையே மெல்லிதாக விசிறுவர். நாடாவின் அடியிற் கசிந்தாலும் கசிவது வெண்மையே. செம்மை கசியக்கூடிய வழியும் அதனால் அடைபட்டுவிடும். பின்னரே செம்மை. நாடாவைப் பின்புறமாக மடித்து மெல்ல உரிக்கும்போது கோடு தோன்றுகின்றது.

இங்கு மறைத்தல் மெய்க்குத் துணைசெய்கின்றது. ஆயின் அதே மேசையில் வேறொரு மறைப்பும் நிகழ்கின்றது. 1968 வரை உலகப் பந்தயங்களிற் கார்கள் பெரும்பாலும் தத்தம் நாட்டு நிறத்தையே அணிந்தன: பிரித்தானியாவுக்குப் பச்சை, இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம். அவ்வாண்டில் லோட்டஸ் நிறுவனத்தார் தம் காரைக் கோல்ட் லீஃப் என்னும் சிகரெட்டின் சிவப்பு, வெள்ளை, பொன் நிறங்களில் ஓடவிட்டனர். 1972இல் எமர்சன் ஃபிட்டிபால்டி உலக வாகை சூடிய லோட்டஸ் 72 காரின் கருமையும் பொன்னும் ஜோன் பிளேயர் ஸ்பெஷல் சிகரெட்டின் நிறங்களே. இக்கார்களை விரும்பி உருவமைப்போர் இன்றும் உளர். எனினும் பிற்காலத்து மாதிரியுருப் பெட்டிகள் பலவற்றில் சிகரெட்டின் பெயர் பொறித்த ஒட்டுப்படங்கள் இடம்பெறுவதில்லை. அவற்றை வேறிடத்தில் வாங்கி ஒட்டுவதா, அவ்விடத்தை வெறுமையாக விடுவதா?

ஒட்டவேண்டும் என்போரின் வாதம் எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. இருந்ததை இருந்தவாறு காட்டுவதே மாதிரியுருவின் கடமை. அவ்விளையாட்டு புகையிலைப் பணத்தில் வளர்ந்தமை வரலாறு. பெயரை நீக்குபவன் அப்பணத்தைப் பழியினின்றும் காப்பாற்றிவிடுகின்றான். மறுதரப்பாருக்கு வள்ளுவர் துணைநிற்பார்: அவர் வாய்மையை வரையறுத்தது சொல்லின் சரித்தன்மையால் அன்று, தீங்கின்மையால். சட்டம் வீதியினின்றும் அகற்றிய விளம்பரம் சிறுவனின் புத்தக அலுமாரியில் நின்று தொழில்செய்வது தீங்கே.

இரு சாராரும் பெயரே விளம்பரம் என எண்ணுகின்றனர். அது சரியன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் புகையிலை விளம்பரத் தடை 2005 யூலை இறுதியில் நடைமுறைக்கு வந்தபின்னும் மார்ல்பரோவின் பணம் ஃபெராரி அணிக்குக் கிடைத்தது. பெயர் இருந்த இடத்தில், கடைப்பொருள்களில் அச்சிடப்படும் விலைக்குறிக் கோடுகளை ஒத்த வடிவமொன்று தோன்றியது. அது சிகரெட் பெட்டியை நினைவூட்டுகின்றதெனக் கண்டனம் எழுந்தது, அணியினர் மறுத்தனர், 2010 மே மாதத்தில் நீக்கினர். அந்தக் காரை உருவமைப்பவன் எதனையும் விலக்காது அப்படியே தீட்டினாலும், தீட்டுவது ஒரு முகமூடியையே. ஒட்டுநாடா உரிக்கப்படுவதற்காக ஒட்டப்படுவது. அக்கோடுகளோ, உரிக்கப்படாமலே ஊடுருவிப் பார்க்கப்படுவதற்காக வரையப்பட்டவை.

ஆகவே லோட்டஸ் காரின் கருமையையும் பொன்னையும் பழுதறத் தீட்டி முடித்தவன் பெயரை மட்டும் ஒட்டாது விடுவது பெருந்துறவொன்றுமன்று. சொல்லவேண்டியதை நிறமே சொல்லிவிட்டது. அரும்பொருட்சாலையில், விளக்கக் குறிப்பொன்றின் அருகே, அப்பெயர் ஒட்டப்படுவதே நேர்மை. வீட்டு அலுமாரியில் அவ்விடம் வெறுமையாகவே நிற்கலாம். ஆனால் அங்கே என்ன இருந்தது எனப் பிள்ளை கேட்கும்போது, தீட்டியவன் மழுப்பாது விடைசொல்ல வேண்டியிருக்கும்.