ஊகிக்காதே, நிறுத்திப் பார்!

கோட் ஓடவில்லை என்றதும் "எனக்கெல்லாம் புரோகிராமிங் வராது" என்று உனக்கு நீயே தீர்ப்பு எழுதிக்கொள்ளாதே, தம்பி! கண் கலங்காதே, தங்கையே! ஏதோ ஒரு வேரியபிளில் நீ நினைத்த மதிப்பு இல்லை. அவ்வளவுதான் நடந்திருக்கிறது. அதைத் தேடிப் பிடிக்க உனக்குக் கண் இருக்கிறது, கருவியும் இருக்கிறது.

ஒரு கணக்குப் பக்கம் செய்கிறாய். விலைப் பெட்டியில் 100, டெலிவரிப் பெட்டியில் 50. மொத்தம் 150 வர வேண்டும். திரையில் 10050 என்று நிற்கிறது. கூட்டல் வரியை விடிய விடிய முறைத்தாலும் விடை கிடைக்காது. குரோமில் எஃப்12 அழுத்து. சோர்சஸ் பகுதியில் அந்த வரியின் எண்ணைக் கிளிக் செய். நீலக் குறி விழும். அதுதான் பிரேக்பாயின்ட். இப்போது உன் கணக்குப் பக்கத்தில் மொத்தம் போடும் பட்டனை மறுபடி அழுத்து. கூட்டல் நடப்பதற்கு முந்தைய நொடியில் மொத்த நிரலும் உன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிற்கும்! ஸ்கோப் பகுதியைப் பார். விலை: "100". மேற்கோள் குறி கண்ணில் படுகிறதா? அது எண்ணே அல்ல, எழுத்துச் சரம். இன்புட் பெட்டியின் வேல்யூ சரமாகத்தான் வரும். இரண்டு சரங்களுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் ஜாவாஸ்கிரிப்ட் ஒட்டிவிடும். இரண்டையும் நம்பர் ஃபங்ஷனில் போட்டு எடு. 150 வந்து நிற்கும்.

மதிப்பைப் பார்க்கக் கன்சோல் லாக் போதாதா என்பாய். போடு, தாராளமாகப் போடு. ஆனால் ஆப்ஜெக்ட்டை அச்சிட்டால் கவனம் வேண்டும்: நீ அதை விரித்துப் பார்க்கும் நேரத்தில் உள்ள மதிப்புதான் உள்ளே தெரியும், லாக் ஓடிய நேரத்து மதிப்பு அல்ல. எத்தனையோ பேரை மணிக்கணக்கில் அலைய விட்ட இடம் இது.

2006-இல் நிரலாளர் ஜோ ஹெவிட் ஃபயர்பாக்ஸ் பிரவுசருக்கு ஃபயர்பக் என்ற பிழைதேடும் கருவியைக் கொண்டுவருவதற்கு முன், பலர் வரிக்கு வரி அலர்ட் பெட்டி போட்டுத்தான் மதிப்பைப் பார்த்தார்கள். அப்படியும் வலைத்தளங்களைக் கட்டி முடித்தார்கள்! உனக்கு அலர்ட் பெட்டியைவிடக் கூர்மையான கருவி பிரவுசருக்குள்ளேயே இலவசமாகக் கிடக்கிறது. அதைத் தொடாமல், யாரோ எழுதிய விடையைக் காப்பியடித்து ஒட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உன் நிரலை உன்னைவிட நன்றாக அறிந்தவர் யார்?

பாதியில் கைவிட்ட அந்தப் பழைய புராஜெக்ட்டை இன்றைக்கே திற. பிரேக்பாயின்ட் வை. ஸ்கோப்பைப் பார்ப்பதற்கு முன், ஒவ்வொரு வேரியபிளிலும் என்ன இருக்க வேண்டும் என்று நோட்டில் எழுது. பிறகு பார். எஃப்10 அழுத்தி வரி வரியாக நகர். நீ எழுதியதும் திரையில் இருப்பதும் எந்த வரியில் முதலில் பிரிகின்றனவோ, அந்த வரியைத் திருத்து!